ஆமைத் திட்டில் இறங்கிய கூழைக்கடா

குழந்தைகளே, ஒரு காட்டின் நடுவில் பெரிய ஏரி இருந்தது. பெரியது என்றால் எவ்வளவு பெரியது என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். தென்கரையிலிருந்து வடகரைக்குக் கரையோரமாக நடந்து போனால் ஓர் அணிலுக்கு மூன்று நாள் ஆகும். கூழைக்கடா நேராகப் பறந்து போனால் ஆயிரத்து இருநூறு சிறகடி.

கூழைக்கடா என்பது அலகுக்குக் கீழே பை தொங்கும் பெரிய பறவை. அந்த ஏரியில் எட்டுக் கூழைக்கடாக்கள் இருந்தன. நடக்க முடியாத சிறு விலங்குகளை ஓலைக்கூடையில் உட்காரவைத்து அக்கரைக்குத் தூக்கிக்கொண்டு போவது அவற்றின் வேலை.

கூடை பறவையின் இரு தோள்களிலிருந்தும் இரண்டு வடங்களில் தொங்கும். ஒவ்வொரு வடமும் மூன்று கொடிகளை முறுக்கிச் செய்தது. முறுக்கிய ஒவ்வொரு கொடியையும் புரி என்பார்கள். ஆக, இடப்பக்கம் மூன்று புரி, வலப்பக்கம் மூன்று புரி, மொத்தம் ஆறு.

வடகரையில் ஓர் இலுப்பை மரம் நின்றது. ஏரியை ஒரே மூச்சாகக் கடந்து வரும் பறவை அந்த மரத்தில் அலகால் ஒரு கோடு கீறலாம். வழியில் எங்கேயாவது இறங்கிவிட்டால், அதுவரை கீறிய கோடுகள் எல்லாவற்றின் மேலும் சேற்றைக் குழைத்துப் பூசிவிட வேண்டும். மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

ஏரியின் நடுவில் இறங்குவதற்கு ஓர் இடம் இருக்கத்தான் செய்தது. அதன் பெயர் ஆமைத் திட்டு. ஒருமுறை அங்கே இறங்கிய பறவையை மற்றவை "திட்டுக்காரன்" என்று இரண்டு வருடம் கூப்பிட்டன. அதன் பிறகு எந்தக் கூழைக்கடாவும் அந்தப் பக்கம் குனிந்துகூடப் பார்ப்பதில்லை.

முன்பு கூழைக்கடாக்கள் பத்து இருந்தன. இரண்டு திரும்பி வரவில்லை. அவற்றின் கோடுகள் மட்டும் மரத்தில் இருந்தன.

எட்டில் ஒன்றின் பெயர் வெள்ளையப்பன். நிதானமானவன். மரத்தில் அவனுக்கு இருநூற்றுப் பதினொரு கோடுகள். தினமும் காலையில் அவற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்பான். யாராவது வந்தால் வேறு எங்கோ பார்ப்பதுபோல் நின்றுகொள்வான்.

அவனோடு எப்போதும் இருளாயி என்ற கரிச்சான் குருவி போவாள். கூர்மையான கண், அவசரமான வாய். பறக்கும்போது அவன் கழுத்தின் மேல் உட்கார்ந்து வழி பார்ப்பாள். கூடை தரையைத் தொடும் வரை அந்த இடத்தைவிட்டு அவள் போகக் கூடாது.

ஒரு நாள் மாலை, பொழுது சாய இரண்டு நாழிகை இருந்தது. பூரணி என்ற அணில் மார்போடு ஓர் இலைக்கட்டை அணைத்துக்கொண்டு தென்கரைக்கு ஓடி வந்தாள்.

"அண்ணே, வடகரைக்கு இப்போதே போக வேண்டும். என் பிள்ளை நச்சுக்காயைத் தின்றுவிட்டான். அவன் அப்பா பக்கத்தில் இருக்கிறார். காலையில் வேறொரு கூடையில் வந்து தேடினேன், மருந்து இந்தக் கரையில்தான் கிடைத்தது. பொழுது சாய்வதற்குள் கொடுத்தால் பிழைத்துக்கொள்வான் என்று வைத்தியர் சொன்னார்."

"ஏறிக்கொள், தங்கச்சி" என்றான் வெள்ளையப்பன்.

கூடையில் ஏற்கெனவே ஒரு கீரி உட்கார்ந்திருந்தான். பெயர் சடையாண்டி. எதற்கும் பொறுக்காதவன்.

"இன்னும் எத்தனை பேரை ஏற்றப் போகிறீர்கள்? என் மச்சான் வீட்டில் விருந்து. முதல் பந்தியில் உட்காராவிட்டால் எனக்கு எலும்புதான் மிஞ்சும்" என்றான்.

"எலும்புக்கு உன் பல் போதாதா?" என்றாள் இருளாயி.

வெள்ளையப்பன் புறப்படுமுன் வடங்களைப் பார்த்தான். ஆறு புரிகளும் வெளியே பச்சையாக, முழுசாக இருந்தன. ஒன்று என்று வாய்விட்டு எண்ணிச் சிறகை அடித்தான். கூடை எழும்பியது.

முந்நூறு வரை ஒன்றும் இல்லை. காற்று பின்னாலிருந்து தள்ளியது. ஐந்நூறு ஆயிற்று. அறுநூறும் ஆயிற்று. பாதி ஏரி தாண்டிவிட்டது.

எழுநூறாவது சிறகடியில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. வெள்ளையப்பனின் உடல் இடப்பக்கமாகச் சாய்ந்தது. இடத்தோளை யாரோ கீழே பிடித்து இழுப்பதுபோல் இருந்தது.

"என்ன அது?" என்றாள் பூரணி.

இருளாயி குனிந்து பார்த்தாள். சடையாண்டி எழுந்து நின்று பார்த்தான். பூரணி கூடையின் விளிம்பில் தொற்றிப் பார்த்தாள். வெள்ளையப்பனும் தன் நீண்ட கழுத்தை வளைத்து வடத்தைப் பார்த்தான்.

"முடிச்சுதான் நழுவியிருக்கும்."

"இல்லை, கொடி."

"எந்தக் கொடி?"

"தள்ளு, எனக்குத் தெரியவில்லை."

இப்படி நான்கு பேரும் பேசிக்கொண்டிருக்கும்போது பூரணியின் வால் நனைந்தது. கூடைக்கு ஒரு விரல் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளையப்பன் சட்டென்று கழுத்தை நிமிர்த்தினான். பலமாகப் பன்னிரண்டு அடி அடித்தான். கூடை மேலே வந்தது.

"நான்கு பேரும் வடத்தையே பார்க்கிறோம்" என்றான். "ஏரியை யார் பார்ப்பது?"

அவன் கண்ணை நேரே வடகரையில் நிறுத்தினான்.

"நான் இனித் திரும்பிப் பார்க்க மாட்டேன். நான் பறக்கிறேன். இருளாயி, நீ பார்த்துச் சொல். மற்றவர்கள் உட்காருங்கள்."

இருளாயி பார்த்தவுடனே சொன்னாள். "இடப்பக்க வடம்தான், அண்ணே. நாண்போல் விறைத்து நிற்கிறது. நான் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திவிடுகிறேன். உங்கள் தோளுக்குச் சுகமாக இருக்கும்."

"தொடாதே. முதலில் எண்ணு. இடப்பக்கம் எத்தனை புரி?"

"மூன்று."

"மூன்றும் முழுசா?"

"முழுசு."

"வலப்பக்கம்?"

வலப்பக்க வடம் சிறகின் நிழலில் இருந்தது. இருளாயி கழுத்தின் மறுபக்கம் நகர்ந்து தலைகீழாகத் தொங்கிப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் குரல் சிறுத்திருந்தது.

"ஒன்றுதான் இருக்கிறது, அண்ணே. இரண்டு அறுந்து தொங்குகின்றன. வலப்பக்கம் தாங்காததால் பாரம் எல்லாம் இடப்பக்கம் வந்திருக்கிறது. கனக்கிற பக்கம்தான் நல்ல பக்கம். நான் அதைத் தளர்த்தியிருந்தால்..."

"தளர்த்தவில்லை. மேலே பேசு. இரண்டு அறுந்தது என்றாய். நான் ஒரு சத்தம்தான் கேட்டேன். இன்னொன்று எப்போது அறுந்தது?"

சடையாண்டி தன் வாலை நீவிக்கொண்டான்.

"சடையாண்டி" என்றான் வெள்ளையப்பன்.

"ஏதோ ஒரு சத்தம் கேட்டது. நீங்கள் ஐந்நூற்றிருபது என்று எண்ணும்போது."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் திரும்பிவிடுவீர்கள். பந்தி போய்விடும்."

"இப்போது நாமே மீனுக்குப் பந்தி ஆகப் பார்த்தோம்" என்றாள் இருளாயி.

வெள்ளையப்பன் அவர்களைச் சண்டை போட விடவில்லை. "இரண்டு பேரும் கூடையின் இடப்பக்க மூலைக்கு நகருங்கள். மெதுவாக. ஒருவர் பின் ஒருவராக."

நகர்ந்தார்கள். வலப்பக்க வடம் கொஞ்சம் இளகியது. வெள்ளையப்பன் பறந்துகொண்டே வாய்விட்டுக் கணக்குப் போட்டான். எதையும் வாய்விட்டு எண்ணினால்தான் அவனுக்குத் தப்பு வராது.

"முதல் புரி ஐந்நூற்றிருபதில் அறுந்தது. இரண்டாவது எழுநூற்றில். நடுவில் நூற்றெண்பது சிறகடி. அப்போது இரண்டு புரி சேர்ந்து தாங்கின. இப்போது ஒன்றுதான் தாங்குகிறது. அது நூற்றெண்பதுக்குத் தாங்காது. பாரத்தை நகர்த்திவிட்டதால் இனி அதில் பாதிக்குத் தாங்கினால் தொண்ணூறு. இருளாயி, வடகரைக்கு இன்னும் எவ்வளவு?"

"நானூற்று எண்பது."

"திரும்பிப் போனால்?"

"எழுநூற்றிருபது. அதுவும் எதிர்க்காற்று."

"இடப்பக்கம்?"

இடப்பக்கம் என்ன இருக்கிறது என்று இருளாயிக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"ஆமைத் திட்டு" என்றாள். "தொண்ணூறு இருக்கும். குறைந்தாலும் குறையும்."

வெள்ளையப்பன் மூன்று சிறகடி பேசாமல் பறந்தான். அந்த மூன்று சிறகடிக்குள் இருநூற்றுப் பதினொரு கோடுகளும் அவன் கண்முன் வந்து நின்றன. பிறகு திரும்பி வராத அந்த இருவரின் கோடுகளும் வந்து நின்றன. அவர்களில் ஒருவனுக்கு நானூற்றுக்கு மேல்.

அவன் இடப்பக்கம் திரும்பினான்.

"அண்ணே, வேண்டாம்" என்றாள் பூரணி. "என் பிள்ளை அங்கே கிடக்கிறான். எனக்கு ஒன்று ஆனாலும் பரவாயில்லை. நேராகப் போங்கள்."

"தங்கச்சி, நேராகப் போனால் நீயும் போய்ச் சேர மாட்டாய். மருந்தும் போய்ச் சேராது. மருந்து தண்ணீருக்குள் போனால் உன் பிள்ளைக்கு யார் கொடுப்பது?"

"இறங்கினால் மட்டும்?"

"இறங்கினால் நாம் இருப்போம். இருந்தால் யோசிக்கலாம்."

பூரணி இலைக்கட்டை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். அழவில்லை. அறுந்து தொங்கிய கொடியின் மேலேயே சடையாண்டியின் கண் இருந்தது.

"தாழ்வாகப் போகிறேன்" என்றான் வெள்ளையப்பன். "உலுக்காமல் அடிக்கிறேன். இருளாயி, திட்டின் எந்தப் பக்கம் வழவழப்பாக இருக்கிறது?"

"கிழக்குப் பக்கம். கல் இல்லை. ஆனால் நடுவில் ஓர் ஆமை படுத்திருக்கிறது."

"கூப்பிட்டுச் சொல்."

இருளாயி தன் கீச்சுக் குரலில் கத்தினாள். "பாட்டா, ஆமைப் பாட்டா, கொஞ்சம் நகருங்கள். கூடை வருகிறது."

"நகருகிறேன், நகருகிறேன்" என்றது அந்த ஆமை. "எத்தனை வருடம் காலியாகக் கிடந்த இடம். நான் படுத்த நாள் பார்த்து வருகிறீர்கள்."

எண்பத்தேழாவது சிறகடியில் வெள்ளையப்பனின் கால் சேற்றில் பட்டது. கூடை சறுக்கிக்கொண்டே போய் நின்றது. சடையாண்டி உருண்டு வெளியே விழுந்தான். பூரணி கட்டை விடாமல் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

இருளாயி மூன்றாவது புரியை அலகால் மெதுவாக இழுத்துப் பார்த்தாள். அது அலகோடு வந்துவிட்டது. உள்ளே வண்டு குடைந்திருந்தது. வெளியே பச்சை, உள்ளே தூள்.



அந்த ஆமையின் பெயர் சங்கிலி. எழுந்து வந்து வடத்தைப் பார்த்தது. "இங்கே கோரைப்புல் நிறைய இருக்கிறது. நாங்கள் பதினான்கு பேர் இருக்கிறோம். அறுத்துக் கொடுக்கிறோம். முறுக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூன்று நாழிகை" என்றான் வெள்ளையப்பன்.

"பொழுது சாய ஒன்றரை நாழிகைதான் இருக்கிறது" என்றாள் பூரணி.

வெள்ளையப்பன் அவள் கையிலிருந்த கட்டைப் பார்த்தான். "தங்கச்சி, அதில் எத்தனை இலை?"

"இருபத்தொன்று."

"இன்றைக்கே இருபத்தொன்றும் கொடுக்க வேண்டுமா?"

"இல்லை. இன்று ஏழு, நாளை ஏழு, மறுநாள் ஏழு."

"ஏழு இலையை ஒரு கரிச்சான் குருவி தூக்குமா?"

பூரணி அவனைப் பார்த்தாள். பிறகு இருளாயியைப் பார்த்தாள்.

"தூக்குவேன்" என்றாள் இருளாயி. "கூடை இல்லாமல் பறந்தால் நான் அண்ணனைவிட வேகம். ஆனால் என் இடம் உங்கள் கழுத்து அல்லவா, அண்ணே? விட்டுவிட்டுப் போகக் கூடாதே."

"நான் பறக்கும்போது போகக் கூடாது. இப்போது நான் சேற்றில் நிற்கிறேன்."

"புறப்படும்போதே இது தோன்றியிருந்தால்..." என்றாள் பூரணி.

"அப்போது எல்லோரும் கூடை போய்ச் சேர வேண்டும் என்றே நினைத்தோம்" என்றான் வெள்ளையப்பன். "போய்ச் சேர வேண்டியது மருந்துதான்."

பூரணி கட்டை அவிழ்த்தாள். ஏழு இலைகளை எண்ணினாள். இன்னொருமுறை எண்ணினாள். கோரையால் கட்டிக் கொடுத்தாள். எந்த மரம், எந்தக் கிளை, எந்தப் பொந்து என்று சொன்னாள். "கசக்கிச் சாறு எடுத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று அவரிடம் சொல்" என்றாள்.

இருளாயி அம்புபோல் போனாள். கண்ணுக்குத் தெரியும் வரை பூரணி பார்த்துக்கொண்டு நின்றாள். தெரியாமல் போன பிறகும் நின்றாள்.

ஆமைகள் கோரையை அறுத்து வந்தன. வெள்ளையப்பன் அலகால் பிடித்துக்கொள்ள, சடையாண்டி முறுக்கினான்.

"பந்தி தொடங்கியிருக்கும்" என்றது சங்கிலி ஆமை.

"இருக்கட்டும், பாட்டா" என்றான் சடையாண்டி. "இந்த முறுக்கு போதுமா, பாருங்கள்."

"போதாது. இன்னும் நாலு சுற்று."

சடையாண்டி ஆறு சுற்று முறுக்கினான்.

மரங்களின் உச்சியைச் சூரியன் தொடும் நேரத்தில் வடக்கே ஒரு கரும்புள்ளி தெரிந்தது. பூரணி தண்ணீருக்குள் இரண்டு எட்டு வைத்துவிட்டாள்.

இருளாயி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள். "கொடுத்தாயிற்று" என்றாள். "முதல் வாயைத் துப்பிவிட்டான். கசக்கிறதாம். அவன் அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டார், நான் ஊற்றினேன். நச்சுக்காயை எல்லாம் கக்கினான். பிறகு கண்ணைத் திறந்து, நீ யார், ஏன் இவ்வளவு கறுப்பாக இருக்கிறாய் என்று என்னைக் கேட்டான்."

பூரணி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டாள்.

"உன் மருந்தைவிட நான் மேல் என்றேன்."

புது வடம் முடிந்தபோது வெளிச்சம் போய்விட்டது. இப்போதே புறப்படலாமா என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் சங்கிலி ஆமையைக் கூடையில் ஏற்றி, வடம் தாங்குகிறதா என்று வெள்ளையப்பன் மூன்று தரம் தூக்கிப் பார்த்தான். தாங்கியது. பிறகு புறப்பட்டு வடகரை சேர்ந்தான். பூரணி மீதி பதினான்கு இலைகளோடு மரத்தில் ஏறி ஓடினாள்.

இலுப்பை மரத்தடியில் மற்ற ஏழு கூழைக்கடாக்களும் நின்றன.

"வா, திட்டுக்காரா" என்றது ஒன்று. "சேறு குழைத்துத் தரட்டுமா?"

"வேண்டாம். எனக்கே தெரியும்" என்றான் வெள்ளையப்பன்.

அவன் சேற்றை எடுத்து முதல் கோட்டிலிருந்து பூசிக்கொண்டு வந்தான். அவசரப்படவில்லை. இருநூற்றுப் பதினொன்றையும் பூசினான். ஒன்றுகூட விடவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலையில் வடகரையில் எட்டுக் கூடைகளும் வரிசையாக இருந்தன. முந்நூற்று நான்கு கோடுகள் உள்ள பறவையின் கூடை காலியாக இருந்தது. வெள்ளையப்பனின் கூடைக்கு முன்னால் ஒன்பது பேர் நின்றார்கள். எல்லோருக்கும் முதலில் சடையாண்டி நின்றான். விருந்து முடிந்து தென்கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தான்.

பின்னால் நின்ற ஒரு முயல் கேட்டது. "ஏனப்பா, மரத்தில் இவருக்கு ஒரு கோடுகூட இல்லையே. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றான் சடையாண்டி. "அதனால்தான் நிற்கிறேன். நீ தள்ளாதே, நான்தான் முதல்."

அன்று மாலை, யாரும் இல்லாத நேரம் பார்த்து, முந்நூற்று நான்கு கோடுகள் உள்ள பறவை வெள்ளையப்பனிடம் வந்தது. கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"அந்தத் திட்டில்... இறங்க எந்தப் பக்கம் நல்லது?"

"கிழக்குப் பக்கம்" என்றான் வெள்ளையப்பன். "கல் இல்லை. ஆமை படுத்திருந்தால் முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்."

அதற்குப் பிறகு எட்டுப் பறவைகளும் ஏரியைக் கடக்கும்போது ஒருமுறை குனிந்து ஆமைத் திட்டைப் பார்த்துக்கொண்டன. சில நாட்களில் இறங்கின. சில நாட்களில் இறங்கத் தேவைப்படவில்லை. இலுப்பை மரத்தில் கோடுகள் குறைந்தன. ஆனால் கூழைக்கடாக்கள் எட்டு, எட்டாகவே இருந்தன.

நீதி: நடுவழியில் பழுது கண்டால் பதறாமல் பயணத்தைப் பிடித்துக்கொள், இதுவரை சேர்த்த பெருமையை எண்ணாதே, பத்திரமாக இறங்கும் இடத்துக்கு எவ்வளவு தூரம் என்று எண்ணு.